ரப்பர் செருப்போடு கிதார் வாசித்தவர்

ஏழுமலை அண்ணன் இறந்துவிட்டார் என்று அரிசி ஆலையிலிருந்து சைக்கிளில் வந்த கோபால் சொன்னபோது நான் தறியில் உட்கார்ந்திருந்தேன். என் வாயில் முதலில் வந்தது ஒரே கேள்விதான்.

"கரண்ட்டா?"

"இல்லப்பா. மத்தியானம் சாப்ட்டு பாய்ல படுத்தாரு. எழுந்துக்கல. மாரடைப்புன்றாங்க."

எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. சாவுச் செய்தி கேட்டு நிம்மதிப்பட்டவன் என்று யாராவது திட்டினால் திட்டட்டும். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். எழுபதுகளின் நடுவிலிருந்து கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று நாங்கள் போன இடமெல்லாம் மேடையின் இடது ஓரத்தில் சிவப்பு எலக்ட்ரிக் கிதாரோடு நின்றவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பகலில் ஆலையில் மூட்டை தூக்கியவர். ஊருக்கு வெளியே காலனியில் குடியிருந்தவர். சென்னையில் பழைய சாமான் கடையில் கிதார் வாங்கி, ரேடியோவைக் கேட்டே வாசிக்கப் பழகியவர். நான் போங்கோ வாசிப்பவன், நெசவாளர் தெரு. என் வீட்டுக்குள் அவர் வர முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன்.

ஞாயிறு கிதாரைச் சுத்தம் செய்யும் நாள். பழைய போர்வையை மடித்துப் போட்டு அதை மல்லாக்கப் படுக்கவைத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றுவார். புதுக் கம்பி வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அதனால் தடித்த கம்பிகளை சோடா உப்பு போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, அழுக்கும் வியர்வையும் போனதும் துடைத்து உலர்த்தி மறுபடி மாட்டுவார். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி நாங்கள் அதன் பசையைப் போக்குவதும் இப்படித்தான். "உங்க தெரு வேலைய நான் செஞ்சிகினு இருக்கேன். எனக்கும் ஒரு தறி குடுக்கச் சொல்லுப்பா," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எங்கள் தெருவில் ஒருவனும் கொடுக்கமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

தறியில் கழிந்த பட்டு நூலை நான் கொண்டுபோவேன். அதைச் சுருட்டிக் கம்பிக்கு அடியில் காந்தங்களைச் சுற்றியிருக்கும் தூசியை எடுப்பார். சத்தத்தைக் கூட்டும் குமிழ் கரகரத்தால் பெட்ரோல் தொட்ட பஞ்சு. விரல் ஓடும் கட்டைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் போடலாமே என்றேன் ஒருமுறை.

"போடலாம். அப்புறம் சடை பின்னிப் பூ வெக்கணும்."

கடைசியில் முதுகுப் பக்கத் தகட்டைத் திறந்து, பற்றவைத்த ஒயர்களை விரலால் மெதுவாக இழுத்துப் பார்ப்பார். அவர் மனைவி சரோஜா அக்கா உள்ளேயிருந்து, "பொண்டாட்டிக்குத் தலவலின்னா திரும்பிப் பாக்க மாட்டாரு. அந்தக் கட்டைக்கு மட்டும் வாரம் தவறாம வைத்தியம்," என்பார்.

ஓர் ஆயுத பூஜையன்று அண்ணன் ஆலைக்குப் போயிருந்தார். அக்கா வீட்டிலிருந்த அரிவாள், மண்வெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் கழுவினார். கிதாரையும் கழுவினார். புளி போட்டுத் தேய்த்து, குடம் தண்ணீரைக் கொட்டி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் சாய்த்துவைத்தார். அண்ணன் வந்து பார்த்தார்.

"ஆயுதம்னா கழுவாமலா பொட்டு வெப்பாங்க?" என்றார் அக்கா.

"இன்னா சரோஜா, வடமாலை போடலியா?"

திட்டவில்லை. பிரித்து நிழலில் உலர்த்தினார். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, தன் வீட்டிலிருந்த குழுவின் ஆம்ப்ளிஃபயரில் சொருகினார். அப்போதுதான் கழுவிவிட்ட சிமெண்ட் தரை. வெறுங்கால். கம்பியைத் தொட்டதும் தூக்கிச் சுவரில் அடித்தது.

கோளாறு கிதாரில் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியில் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. பெட்டியிலிருந்து ஒயர், ஒயரிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து விரல். கால் ஈரத்தில் இருந்தால் ஆள் காலி. குழுவை நடத்திய முதலாளியிடம் அதை மாற்றச் சொன்னோம். "இந்த முகூர்த்தம் போகட்டும்," என்றார். எத்தனையோ முகூர்த்தம் போயிற்று. சாகப்போகிறவன் கூலிக்காரன் என்றால் முதலாளிக்கு அவசரம் வராது.

அன்றிலிருந்து அண்ணன் ரப்பர் செருப்பு இல்லாமல் மேடையேறியதில்லை.

தேசூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பந்தல் முழுக்கச் சொதசொதவென்று இருந்தது. முதல் பாட்டு தொடங்குமுன் பெண்ணின் பெரியப்பா வந்தார். அண்ணன் எந்தப் பக்கத்து ஆள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள்.

"இன்னாடா, எங்க பந்தல்ல செருப்போட நிக்கற? கழட்டு."

முதலாளி ஓடிவந்தார். "ஏழுமலை, பேஜார் பண்ணாத. ஜல்தி கழட்டுப்பா."

கழற்றினால் அந்த ஈரத்தில் அவர் செத்துப்போவார். கழற்றாவிட்டால் அந்த ஆட்கள் அடிப்பார்கள்.

"கழட்டறேங்க," என்றார் அண்ணன். "கிதாரையும் சேத்துக் கழட்டிடுவேன். இந்த ஈரத்துல வெறுங்காலோட தொட்டா கரண்ட் அடிச்சிடும்."

பெரியவர் யோசித்தார். "அப்ப ஒரு பலகை போடச் சொல்றேன். அதுமேல வெறுங்கால்ல நில்லு."

"பலகை போதுங்க. அப்படியே நம்ம பாட்டுக்காரருக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க. அவரு ஷூவோட நின்னுகினு இருக்காரு."

பாடகர் மேல்தெருக்காரர். அவர் காலில் பளபளவென்று தோல் ஷூ. அதுவரை அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. பந்தலில் இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் ஷூவைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "பாடித் தொலைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் செருப்போடுதான் வாசித்தார். எங்களுக்கு அங்கே சோறு போடவில்லை. அதன்பின் அந்தப் பக்கத்துக் கல்யாணங்களும் நின்றுபோயின. முதலாளி அவரை நீக்கப் பார்த்தார். அவர் இல்லாமல் நாங்கள் வாசிக்கமாட்டோம் என்றதும் அடங்கினார். ஆம்ப்ளிஃபயரை மட்டும் மாற்றவில்லை.

எந்த ஊரில் எவன் வந்து கழற்றவைப்பானோ என்று ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் காலையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். தாளம் தப்பும். "என் கால்ல இன்னாப்பா, பாட்டா எழுதியிருக்குது?" என்பார்.

செய்தி கேட்டுப் போனபோது அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். "கச்சேரிக்குப் போனா ஆளு திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது தம்பி. அவன் ஊட்டுப் பந்தல்ல, இவன் ஊட்டுப் பந்தல்ல போயிடுவாரோன்னு. இல்ல பாரு. நம்ம ஊட்டுப் பாய்லதான் போனாரு," என்றார். பிறகுதான் அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

காலனிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகக்கூடாது. எண்பதுகளிலும் அதுதான் சட்டம். வயல் வழிதான். முந்தின நாள் மழையில் வரப்பு கரைந்துபோயிருந்தது. நானும் தோள் கொடுத்தேன். எங்கள் தெருவில் பேசுகிறார்கள், பேசட்டும்.

போய் வாருங்கள் என்று சொல்ல மனமில்லை, அண்ணா. வந்தால் மறுபடியும் இந்த வழியாகத்தான் உங்களை அனுப்புவார்கள். போங்கள், நிம்மதியாகப் போங்கள்.

முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தோம். தூக்கியவர்கள் அத்தனை பேரும் இடுப்புவரை நனைந்தோம். எங்கள் தோள்களுக்கு மேலே அவருடைய வெறும் பாதங்கள் காய்ந்தே இருந்தன.