பாவாடை ஓரத்தில் ராணித் தலை

மெங்காட் மலாயாவுக்குப் போனது பெண்டாட்டிக்கு ஒரு தையல் மிஷின் வாங்கிவரத்தான். இபான் குலத்து ஆண்பிள்ளை கடல் கடந்து போனால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அங்கே வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குத் தடம் பார்க்கும் வேலை. கம்யூனிஸ்டுக்காரன் எங்கே மிதித்தான், எங்கே உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தான் என்று மடங்கிய இலையைப் பார்த்தே சொல்லிவிடுவார். மூன்று வருஷம் கழித்து மிஷினோடு படகில் வந்து இறங்கினார். கூடவே ஒரு தகர டப்பாவில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள். ஒன்று, போனவர்களுக்கெல்லாம் கொடுத்தது. மற்றது, குண்டடிபட்ட சிப்பாய் ஒருவனைச் சதுப்புக் காட்டில் இரண்டு நாள் முதுகில் சுமந்து வந்ததற்கு. அவர்கள் ஊர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஊற்று வரை அப்படி ஒன்று வேறு யாரிடமும் கிடையாது.

மனைவி லெமஞ்சான் மிஷினைக் கட்டிக்கொண்டு அழுதாள். பதக்கத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதவு ஞாங்காவ் மட்டும் அதை வைத்தே பிழைப்பு நடத்தினான்.

“சிப்பாயையா சுமந்த, அரிசி மூட்டையையா மச்சான்? மூட்டைன்னா பேச்சுத் துணைக்குக்கூட ஆகாதே!”

ஒரே கூரையின் கீழ் கதவுக்கு ஒரு குடும்பமாக வாழ்ந்த நீளவீட்டின் இருபத்திரண்டு கதவுகளும் சிரிக்கும். மெங்காட்டும் சிரிப்பார். ஆனால் உள்ளே எரியும்.

அறுவடை விருந்துக்கு அந்த வருஷம் பட்டாளத்துத் துரை ஒருவர் வருவதாகச் சேதி வந்தது. விருந்தாளியின் தலைக்கு மேல் சேவலைச் சுற்றி வாழ்த்துவது சாமானியன் செய்கிற காரியம் இல்லை. வீட்டுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“வாயால அளக்காதீங்கப்பா. சண்டையில ஜெயிச்சதக் கொண்டாந்து காட்டுறவன் சேவலைச் சுத்தட்டும். இல்லேன்னா போன வருஷம் மாதிரி ஞாங்காவே சுத்துவான்.”

ஞாங்காவ் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே திரிந்தான். இன்றைக்குக் காட்டாவிட்டால் சாகும்வரை அரிசி மூட்டைதான் என்று மெங்காட்டுக்குத் தெரியும். ஓடிப்போய் டப்பாவைத் திறந்தார். உள்ளே வெற்றிலைச் சுண்ணாம்பு.

“அடியே, எங்கடி என் மெடலு?”

“எங்க இருக்கணுமோ அங்க இருக்கு, சென்டியோட அப்பா. ராஜா தலை, ராணி தலை போட்ட வெள்ளிய எவளாவது டப்பாவுல வைப்பாளா? பொண்ணு பாவாடையில தச்சுட்டேன்.”

“அதுல தொங்கின நாடா?”

“சேவல் காலைக் கட்டியிருக்கேன். நல்ல கெட்டி நாடா.”

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. தலை போட்ட வெள்ளிக்காசு எல்லா வீட்டிலும் பெண்ணின் விருந்துப் பாவாடை ஓரத்துக்குத்தான் போகும். அதற்குள் துரை வந்து, வெளியே வெண்கலக் கோங்கு மணி முழங்கிவிட்டது. மகள் சென்டி துரைக்கு முன்னால் ஜல்ஜல் என்று நடந்துகொண்டிருந்தாள். துரை எல்லாக் கதவிலும் நின்று குடித்து முடிக்கும்வரை ஊர்வலப் பெண் உடை மாற்றக் கூடாது. பாவாடை ஓரத்தில் நூற்றுக்கு மேல் காசுகள், எல்லாம் ஒன்றுபோல் கறுத்துக் கிடந்தன.

மெங்காட் முழங்காலில் விழுந்து மகளுக்குப் பின்னாலேயே தவழ்ந்தார்.

“அப்பா, மானம் போகுது, எழுந்திரிங்க!”

“நீ மெல்ல நடடி! குலுக்காதே, தலை தெரிய மாட்டேங்குது!”

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கிழவர் ஒருவர் சிரித்தே பாயில் சரிந்தார். ஒன்பதாவது கதவு முடிவதற்குள் ஒன்பது கிண்ணம் அரிசிக் கள் ஏறிய துரை, முகம் சிவந்து, இவர் எதைத் தேடுகிறார் என்று கேட்டார்.

“மெடலத் தேடுறாரு துரை! மக பாவாடையில!” என்று கத்தினான் ஞாங்காவ்.

துரை தொப்பியைக் கழற்றினார். சென்டியிடம் தலையசைத்து அனுமதி கேட்டார். பிறகு மெங்காட்டுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டு, காசு காசாகப் புரட்ட ஆரம்பித்தார். கோங்கு நின்றது. அப்புறம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோய், எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

“மெங்காட். ஞெலாய் மகன்.”

மெங்காட் எழுதப் படிக்கத் தெரியாதவர். விளிம்பில் தன் பேர் இருப்பது அவருக்கே தெரியாது. செத்துப்போன அப்பன் பேரும் கூடவே இருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை.

“இந்தப் பேரை எங்க பட்டாளத்துல எல்லாரும் சொல்றாங்க,” என்றார் துரை, அவர்கள் பேச்சில் தட்டுத்தடுமாறி. “அந்தச் சிப்பாய் உயிரோட இருக்கான்.”

ஞாங்காவ் வந்து சேவலை நீட்டினான்.

“பிடி மச்சான். மூட்டை இல்லை, சிப்பாய்தான்.”

லெமஞ்சான் கத்தரிக்கோலோடு ஓடிவந்தாள். “பிரிச்சு உன் நெஞ்சுல குத்திடவா?”

“வேண்டாம்டி, அங்கயே கிடக்கட்டும்.” மெங்காட் தன் பதக்கத்தின் நாடா கட்டிய சேவலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மகளைப் பார்த்தார். “என்னடி நிக்கிற? இன்னும் பதிமூணு கதவு இருக்கு. நல்லாக் குலுக்கி நட!”