புளியமரத்தில் அறைந்த ஆணி

கனகாம்பாளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று பனித்திட்டு ஊரே சொன்னது. அத்தைக்காரி பவுனம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பாகூர் வரை மீன்கூடை சுமந்து விற்று, தாயில்லாத அந்தப் பெண்ணை வளர்த்தவள் அவள்தான். வளர்த்தவளுக்குத் தெரியாதது ஊருக்கு எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். கனகாம்பாளுக்குப் பத்து வயது. அப்பன் சுப்புராயனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். கரையேறும் அலையில் கட்டுமரம் புரண்டு, கட்டை அவன் தலையில் அடித்தது. அவள் கண்ணெதிரிலேயே போனான். ஊர் ஓலமிட்டு ஓடியது. அவளோ மணலில் உட்கார்ந்து, அப்பனுக்குக் கொண்டுபோன சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். சொட்டுக் கண்ணீர் இல்லை. அதன்பிறகு அப்பன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்பதுபோல் வளர்ந்தாள்.

ஆனால் யாராவது ஆசையாகத் தலையைத் தடவினால் உடம்பு கட்டையாய் விறைக்கும். முரட்டு ஆண்குரல் ஒன்று வரும்: "தொடாத. எட்டப் போ."

செத்த அப்பன்தான் பிடித்திருக்கிறான் என்றது ஊர்.

"எங்கண்ணன் ஈ எறும்பக்கூட அதட்டாதவன். இது அவன் இல்ல" என்றாள் பவுனம்மாள்.

அவள் கல்யாண வயதுக்கு வந்த எண்பத்தொன்றாம் வருசம், அதே ஊர்க் கட்டுமரக்காரன் சம்மந்தம் என்பவன் பெண் கேட்டு வந்தான். கனகாம்பாளுக்கும் அவன்மேல் ஒரு கண். தட்டு மாற்றும் நேரத்தில் குரல் எழும்பியது: "இவனும் கடலுக்குப் போறவன். இவள உடமாட்டன்." பெண் மயங்கி விழுந்தாள். பேயை ஓட்டினால்தான் கல்யாணம் என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூசாரி பக்கிரிசாமி உடுக்கை அடித்தார். "யார்டா நீ? ஏன்டா புடிச்ச?"

"நான் புடிக்கல. தாங்கிக்கினு இருக்கன். உட்டா முழுகிடுவா."

பூசாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கப்படி அவள் உச்சிமயிரில் ஒரு கொத்தை முடிந்து, புளியமரத்தில் ஆணி அறைந்து, மயிரை அறுத்து அவளைப் பிரித்தார். குரல் அடங்கியது. பேய் மரத்தோடு நின்றுவிட்டது என்றார்கள்.

மறுநாள் கனகாம்பாள் கேட்டாள்: "அத்தே, அப்பா எங்க?" இத்தனை வருசம் கழித்துக் கேட்டாள். பதில் சொல்வதற்குள் அன்று கரையில் கண்டது நினைவு வந்து அவளே அலறினாள். பிறகு எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. முட்டுக்கொடுத்திருந்த கட்டையைக் களவாணி என்று உருவிப் போட்டால் கூரை என்ன செய்யும்?

பவுனம்மாள் ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு புளியமரத்துக்குப் போனாள். பூசாரி குறுக்கே நின்றார்.

"பவுனு, அந்த ஆணிய எடுத்தா பழி உம்மேல."

"எம்மேலயே இருக்கட்டும். நவுருயா."

ஆணியைப் பிடுங்கினாள். மயிரை முந்தானையில் முடிந்து வந்து பெண்ணின் தலைமாட்டில் வைத்தாள். "வந்துடு. ஆனா கத்தாத. இன்னா கேக்கணுமோ கேளு, பதில் சொல்றன்."

கனகாம்பாள் வாயிலிருந்து அந்தக் குரல் வந்தது. பழைய முரடு இல்லை. "இவனும் திரும்பி வரலன்னா?"

வருவான் என்று பவுனம்மாள் சத்தியம் செய்யவில்லை. "கடலுக்குப் போறவனுக்கு யார் சீட்டு எழுதித் தர்றது? வரலன்னா நீ இருக்க, நான் இருக்கன். அன்னிக்குக் கரையில இவளுக்கு யாரும் இல்ல, நீ ஒண்டியா தாங்கின. இப்ப கொஞ்சம் நவுந்துக்க, நானும் ஒரு கை புடிக்கறன்."

கனகாம்பாள் அத்தை மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள். பவுனம்மாள் தலையைத் தடவினாள். உடம்பு விறைக்கவில்லை.

சம்மந்தம் தன் வீட்டாரிடம் அடம்பிடித்துத் தை மாதம் தாலி கட்டினான். குரல் அடியோடு போய்விட்டது என்றால் பொய். கட்டுமரம் தாமதமாகும் நாளில் வாசலில் நின்று அதட்டும்: "எங்கடா போன இவ்ளோ நேரம்?"

அவன் கோபித்துக்கொள்வதில்லை. துடுப்பைச் சுவரில் சாத்திவிட்டு, "காத்து சரியில்லபா. வந்துட்டன், வழிய உடு" என்பான்.

அதுவும் விட்டுவிடும்.