பிள்ளை பெற்ற அறையில் வாங்கிய சாட்சி

தமிழ்ப்பள்ளியில் நான்கு வருஷம்தான் படித்தேன். எழுத்து கோணலாக வரும், நடந்தது முன்னே பின்னே மறந்தும் போகும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் வந்த சமயம். காஜா பேராங் என்ற ஊரில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் இறந்ததும், இறந்தவரின் அண்ணன் வழக்குப் போட்டார். அவள் சமைக்க வந்தவள், தாலி கட்டிய மனைவி இல்லை, வீடு தனக்கே என்றார். கல்யாணத்தைப் பார்த்த பெரியவர்கள் ஜப்பான்காரன் ஆண்ட காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயிலில் தாலித் தட்டை ஏந்திச் சுற்றி வந்த நான்தான் மிச்சம். அந்தக் கல்யாணத்தின்போது எனக்குப் பத்து வயது.

விசாரணை வந்தபோது நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை பிறந்து பதினெட்டு நாள், வாசல் தாண்டக் கூடாது. சாட்சி வர முடியாவிட்டால் கோர்ட்டே ஆள் அனுப்பி எழுதி வாங்குமாம். ஓர் அதிகாரியும் இரண்டு லோயர்களும் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அறைக்குள், திரைக்குப் பின்னால்.

"உங்க புருஷன் பேரு என்னாம்மா?" என்றார் அதிகாரி.

பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்த அம்மா, வழக்கம்போல எனக்குப் பதிலாக அந்தப் பேரைச் சொல்லிவிட்டார்.

எதிர்த்தரப்பு லோயர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா? உள்ளேர்ந்து ஆள் சொல்லிக் குடுக்குது. இதை எப்படிங்க சாட்சின்னு எடுத்துக்கிறது?"

"புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லுவாளா தம்பி? உங்க வீட்டுல சொல்றாங்களா?" என்றார் அம்மா.

அதிகாரி சிரிக்கவில்லை. அம்மா வெளியே போக வேண்டும், நான் முகம் தெரிய உட்கார்ந்து சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுத முடியாது என்றார். கூடத்து மூலையில் அக்கா தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா பிள்ளையோடு பின்பக்கம் போனார். திரையை நானே விலக்கினேன். புருஷன் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. பென்சில் கேட்டு, அந்தப் பேரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். பிறகு தாலியை யார் யார் தொட்டார்கள் என்று கேட்டார்கள்.

"வழக்குப் போட்டவருதான் முதல்ல தொட்டுக் கும்பிட்டாரு" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் வீடு அக்காவுக்கே என்று தீர்ப்பானது.

சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் பிள்ளையைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர், "எம்பேரைத் தப்பில்லாம எழுதுனியா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சாட்சிகள் வீட்டிலிருந்தே திரையில் முகம் காட்டிப் பேசலாமாம். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாதாம்.

பதினெட்டாம் நாளா, இருபதாம் நாளா என்பது எனக்கு உறுதியில்லை. அந்தச் சாட்சித் தாள் இன்னும் கோர்ட்டில் இருந்தால், யாராவது அதில் தேதியைப் பார்த்து, நான் இங்கே எழுதியதைத் திருத்திக் கொடுங்கள்.