பார்த்திராத பங்காளிக்காக எடுத்த மீசை

செம்பை உயரத் தூக்கி ஊற்றும்போது, குவித்த கைக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். குழாயிலிருந்து குடத்தில் விழுவது வேறு. அதில் ஒரு உரிமை இருக்கிறது. கைக்குள் விழுவதில் அது கிடையாது. கொஞ்சம் விழும், நிற்கும், மறுபடி விழும். ஊற்றுகிறவரின் மணிக்கட்டு எப்போது அலுத்துப்போகுமோ என்று பயந்து பயந்து விழும். போன மாதம் ஒரு கல்யாண வீட்டின் பின்பக்கம் சமையல்காரர் ஒருவர் இன்னொருவருக்கு விளையாட்டாக அப்படி ஊற்றிக்கொண்டிருந்தார். கையிலெடுத்த ஜாங்கிரியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பயிற்சிக்காக மலையிறங்கி வந்தவன் நான். அப்பா சாந்தன்பாறையில், பச்சை ஏலக்காயை உலர்த்துகிற ஸ்டோரில் புகைக்குள் நிற்கிற வேலை பார்த்தார். பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டில் அறை தேடி மூன்று வீடு ஏறினேன். மூன்றிலும் என்ன ஆளுங்க என்று கேட்டார்கள், சொன்னேன், அறை அந்த நிமிஷமே காலியில்லாமல் போனது. நாலாவது வீட்டுக்கார அம்மா வயலும் கடலைக்காடும் தனியாளாகப் பார்த்துக்கொள்கிற விதவை. அவர் சாதி கேட்கவில்லை, ஒரு படி மேலே போய்க் கூட்டம் கேட்டார். அவர்கள் சாதிக்குள் குலப் பிரிவுக்குப் பெயர் கூட்டம். வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன் பெருமையடித்துக்கொள்ளும் கூட்டத்தின் பெயர் நாக்கில் வந்து நின்றது. சொன்னேன். அது அந்தம்மாவின் இறந்துபோன கணவரின் கூட்டமாகவும் இருந்து தொலைத்தது. “அட, நம்ம பங்காளி ஊட்டுத் தம்பிங்களா” என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு என்ன தொழில் என்றார். ஏலத் தோட்டமுங்க என்றேன். தோட்டம் வைத்திருக்கிறாரா, தோட்டத்தில் நிற்கிறாரா என்பதை அவர் கேட்கவில்லை. நானும் அவசரப்படவில்லை.

பொய்யில் நான் என்றைக்கும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில், பிறந்ததே அந்த மண் என்பதுபோல் ‘ஏனுங்க’ போட்டுப் பேசினேன். கனவில்கூட மரியாதையாகத்தான் உளறினேன். சித்தூர்ப் பக்கம் பங்காளி வகையில் ஒரு பெரியவர் செத்துப்போனார். பங்காளி சாவுக்கு ஆண்கள் முகம் மழித்துத் தலை முழுகுவது அந்த வீட்டு வழக்கம். இருபத்திரண்டு வயதில் ஒவ்வொரு முடியாகத் தட்டிக்கொடுத்து வளர்த்த மீசை எனக்கு. பார்த்தே இராத பங்காளிக்காக அதை எடுத்துவிட்டு, துக்க வீட்டில் கண் கலங்க உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பாசம் என்று சொன்னார்களாம். துக்கம் நிஜம்தான். மீசைக்கு.

பயிற்சி முடிகிற வருஷம் ஒரு மத்தியானம், கடிதம் எதுவும் போடாமல் அப்பா வந்து நின்றார். தோளில் ஒரு சின்ன மூட்டை, ஏலக்காயும் மிளகும். அவருக்கு முன்னால் அவருடைய புகை வாசனை வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்கார அம்மா யாரென்று கேட்டார். எங்க தோட்டத்துல வேலை செய்யற ஆளுங்க என்று சொன்னேன். அப்பாவின் காதுக்கு அது நன்றாகவே கேட்டது. என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நடந்தார். அங்கே இலை போட்டார்கள். வீட்டுக்கார அம்மா செம்பை உயரப் பிடித்து ஊற்ற, அவர் கையைக் குவித்துக் குடித்தார். நான் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடவை ரசம் வாங்கினேன். ரசம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன்பின் கிழக்குப் பாலக்காட்டில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அரசாங்க வேலை கிடைத்தது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய இடம். மலையிலிருந்து வாங்கி வந்த சாதிச் சான்றிதழ் அசல், அதிலிருந்த சாதி என்னுடையதேதான். என் கைவசம் இருந்த உண்மைகளில் அது ஒன்றுதான் முழுசு. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பட்டியலில் அடுத்துக் காத்திருந்த யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள்: இவர் தாழ்த்தப்பட்டவரே இல்லை, கொல்லங்கோட்டில் விசாரித்துப் பாருங்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஆள் போய் வீட்டுக்கார அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சான்றிதழ் செல்லாது, வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று பழுப்புக் கவரில் தாள் வந்தது. என் சம்பளத்தில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் நெஞ்சு புகையில் கரகரத்துப் போயிருந்தது. அவரை ஸ்டோரிலிருந்து நிறுத்திக் கீழே கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தேன்.

எர்ணாகுளத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். என் வழக்கை நானே இருபத்தைந்து பக்கம் எழுதிக்கொண்டு போனேன். மலை, மூடுபனி, அட்டை கடித்த கால்கள், நூற்றாண்டுகளின் இருட்டு எல்லாம் அதில் இருந்தன. கொல்லங்கோடு மட்டும் இல்லை. வக்கீல் பொறுமையாகப் புரட்டிப் பார்த்து, சான்றிதழைச் செல்லாதென்று முடிவெடுப்பதற்கு முன்னால் உன்னை விசாரிக்க வந்த நோட்டீஸ் எங்கே என்றார். வரவில்லை என்றேன். அவ்வளவு போதும் என்று மூடி வைத்துவிட்டார். கோர்ட்டும் அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டது. நான் என்ன சாதி என்று ஒரு வரி சொல்லவில்லை. ஒருத்தரைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுத்தது செல்லாது. எதிராகச் சொல்லப்பட்டதை அவருக்குக் காட்டுங்கள். சொன்னவரை அவர் கேள்வி கேட்கட்டும். பிறகு முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கத் தீர்ப்பு. மூடுபனி பற்றி மூச்சே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விசாரணை நாளில் அப்பா தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டின் நகலோடு போடி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி வந்து சேர்ந்தார். தாலுகா ஆபீசின் பின்பெஞ்சில் உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றச் சுற்ற அறை முழுக்க ஏலக்காய்ப் புகை பரவியது. முன்பெஞ்சில் வீட்டுக்கார அம்மா. அதிகாரி மலையாளி, நிதானமானவர். நான் நீட்டிய நகலைப் பார்த்துவிட்டு, இதை வைத்துக்கொண்டு என்ன லாபம், பதிவேட்டில் இருப்பவர் உன் அப்பா என்று யார் சொல்வது என்று கேட்டார். நான் பின்பெஞ்சைக் காட்டவில்லை. அந்தம்மாவின் வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அதைக் கேட்கிறேன். இந்தக் கூட்டம் என்று தானே சொன்னார். பங்காளி சாவுக்கு மீசை எடுத்தார். சொந்தத் தோட்டம் உண்டு. அங்கிருந்து வேலையாள் ஒருத்தர் மூட்டை கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய்யில்லை. அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். எல்லாவற்றையும் நான்தான் சப்ளை செய்திருந்தேன்.

அதிகாரி, அவரை நீ கேள்வி கேட்கலாம் என்றார். ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதி வைத்திருந்தேன். எல்லாமே வாக்குமூலத்தைச் சுற்றி வளைத்துத் தப்பிக்கிற கேள்விகள். நோட்டைப் பிரிப்பதற்குள் அந்தம்மா திரும்பிப் பார்த்து, முகம் மலர்ந்து, “அட, உங்க தோட்டத்து ஆளும் வந்திருக்காருங்களே தம்பி” என்றார். அப்பா எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடு அன்றைக்கு மாட்டுக்கொட்டகைக்குப் போன அதே ஆளுடைய கும்பிடு. நான் கண்ணைக் காட்டினால் இன்றைக்கும் அவர் வேலையாளாகவே பஸ் ஏறிப் போய்விடுவார் என்று தெரிந்தது. வேலையும் அதோடு போகும்.

நோட்டை மூடினேன். கோர்ட்டு வரை போய் வாங்கிவந்த உரிமையில் கேட்க எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

“அன்னைக்கு மூட்டை கொண்டாந்தவரு யாருன்னு நான் சொன்னனுங்க?”

“உங்க தோட்டத்துல வேலை செய்யற ஆளுன்னு சொன்னீங்க.”

“அது பொய்யுங்க. அவரு எங்கப்பா.”

உண்மையைச் சொல்லும்போதுகூட வாய் அந்த வீட்டுப் பேச்சைத்தான் பேசியது. குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா, “எம்மவன்தாங்கய்யா. அவன் சொன்னதும் சரிதான். நான் தோட்டத்துல வேலை பாக்குற ஆளுதான்” என்றார். என்னைக் காப்பாற்றவே அதைச் சொன்னார். அதற்குக் கொஞ்சம் தலைகுனிந்து நின்றேன், முழுசாகக் குனியத் தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “அப்பறம் மீசைய எதுக்குடா எடுத்த?”

‘தம்பி’யும் ‘ங்க’வும் ஒன்றாகப் போயிருந்தன. எந்த அதிகாரியின் முத்திரைக்கும் முன்னால் என் சாதியை அந்தக் ‘டா’ உறுதிப்படுத்திவிட்டது. அதிகாரி அதை எழுத வேண்டாம் என்று கையைக் காட்டினார். எழுதியிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்துத் தபாலில் உத்தரவு வந்தது, சான்றிதழ் செல்லும் என்று. வேலையும் நிலைத்தது. அது பிறகு. அன்றைக்கு வெளியே வந்ததும் வீட்டுக்கார அம்மா குடையை விரித்துக்கொண்டு எங்கள் முன்னால் நின்றார். நீ நிஜத்தைச் சொல்லியிருந்தால் அறை கொடுத்திருக்க மாட்டேன், அதை மறைக்கவில்லை என்று என்னிடம் சொன்னார். அப்பாவிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வெயிலில் இறங்கி நடந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அப்பாவுக்கு டீ வாங்கி, கண்ணாடிக் கிளாசை நானே இரண்டு கையாலும் நீட்டினேன். பெரிய பரிகாரம் செய்கிறவன் மாதிரி. சூடு பொறுக்காமல் பாதியை அவர் வேட்டியில் கொட்டினேன். அவர் மீதியை ஊதி ஊதிக் குடித்தார். பொள்ளாச்சி பஸ் உறுமத் தொடங்கியதும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க ஒரு நீளமான வாக்கியத்தை நான் மனசுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். வினைச்சொல் வருவதற்குள் பஸ் நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

“அடுத்த தடவ நான் வாரதுக்கு முந்தி ஒரு கார்டு போட்ருய்யா, அன்னைக்கு நான் யாருன்னு. அதுக்குத் தக்கன வேட்டி கட்டிட்டு வாரேன்.”