மதாம் மாட்டச் சொன்ன கடிகாரம்

"மதாம் தவறிட்டாங்க சிஸ்டர்" என்று டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "அப்ப நாளைக்கு மருந்துச் சீட்டு பார்க்கறது யாருன்னு மதாம்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

மருந்தாளுநர் பெர்னதெத் மதாமோடு டவுன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவரை நேரில் தெரியும். நர்ஸான எனக்குப் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரையில்தான். பாகூர் பக்கம் எங்கள் கிராமத்துச் சுகாதார மையத்தில் மருந்து அலமாரி உண்டு, மருந்தாளுநர் கிடையாது. ஒரு அட்டை மாத்திரைக்காக ஜனங்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினார்கள். அதற்காக வந்ததுதான் காமிரா ஏற்பாடு. டாக்டர் எழுதிய சீட்டையும் மாத்திரை அட்டையையும் நான் காமிராவில் காட்டுவேன். மதாம் டவுனில் உட்கார்ந்தபடியே படித்துப் பார்த்து, நோயாளியிடம் நாலு கேள்வி கேட்டு, "வொலா, சரியா இருக்கு, குடு" என்ற பிறகுதான் அட்டை என் கையை விட்டுப் போகும்.

ஆனால் எங்கள் ஜனங்களுக்குக் காமிரா என்றால் போட்டோ ஸ்டுடியோதான். குளித்து, பவுடர் பூசி, முழங்காலில் கை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். "சாப்டீங்களா?" என்று மதாம் கேட்டால் பதில் வராது. பேசினால் படம் கெட்டுவிடுமே! இணைப்பும் அடிக்கடி நின்றுபோகிற காலம். படம் நின்றுவிட்டதென்று மதாம் எல்லாவற்றையும் அணைத்துத் திரும்பப் போடுவார். மறுபடி பார்த்தால் அதே ஆள், அதே முறைப்பு.

"உங்க ஊர்ல மனுஷங்க இருக்காங்களா, இல்ல காலண்டரு மாட்டி வெச்சிருக்கியா?" என்று திட்டு எனக்கு விழும். அந்தக் குரல் எங்கள் ஊருக்கு வர போன் கம்பியே தேவையில்லை. கடைசியில் நோயாளியின் தலைக்கு மேல் ஒரு சுவர்க்கடிகாரம் மாட்டச் சொன்னார். "இனிமே நான் மூஞ்சியப் பார்க்கமாட்டேன், முள்ளத்தான் பார்ப்பேன். முள்ளு ஓடுனா லைன் இருக்கு, ஆளுதான் போஸ் குடுக்கறாரு."

ஒருநாள் கலியபெருமாள் சர்க்கரை வியாதி மாத்திரைக்கு வந்தார். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிரமாதமான போஸ் என்று நினைத்துக்கொண்டே நான் அலமாரியைத் திறந்தேன். திரையிலிருந்து அலறல் வந்தது.

"முள்ளு ஓடுது, ஆளு வேர்த்துக் கொட்றாரு! போஸ் குடுக்கறவனுக்கு எதுக்குடி இவ்ளோ வேர்வை? சக்கரைத் தண்ணி குடு, ஓடு!"

மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். காலையில் மாத்திரை போட்டவர், சவரம் செய்து வேட்டி தேடிய அவசரத்தில் சாப்பிட மறந்திருக்கிறார்; சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் கைவிட்டுப் போயிருப்பார். கண் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "படம் நல்லா வந்துச்சாங்க மதாம்?"

"வந்துச்சுய்யா. அடுத்த தபா சாப்ட்டுட்டு வா, இன்னும் நல்லா வரும்" என்றார் மதாம், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி.

டவுனில், உப்பளம் பகுதியிலிருந்த மதாமின் வீட்டில் அவரைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். பட்டுச்சேலை, பவுடர், விரல்களில் ஜெபமாலை. எங்கள் ஊரே தோற்றுப்போகும் போஸ். என்னோடு வந்த கலியபெருமாள், அதே பட்டு வேட்டியில், பெட்டிக்கு மேலே சுவரிலிருந்த கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"முள்ளு ஓடுது சிஸ்டர்" என்றார்.

எங்கள் மையத்துக் கடிகாரத்துக்கு நான்தான் பேட்டரி மாற்றுகிறேன். இப்போது திரையில் வேறொருவர் சீட்டுப் பார்க்கிறார், நல்ல பெண். ஆனாலும் நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் "சாப்டீங்களா?" என்று நானே முதலில் கேட்டுவிடுகிறேன். மதாம் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்விதான். பதில் வராமல் அட்டையைக் கொடுப்பதில்லை.