குழாயில் மாட்டிய கை

எங்கள் வீடு அருப்புக்கோட்டை பக்கம் பாலவனத்தத்தில் இருக்கிறது. இங்கே மழை அபூர்வம் என்பதால், மொட்டை மாடியை வத்தல் காயப்போடும் இடமாக மட்டுமே நினைத்திருந்தேன். வீடு கட்டியதிலிருந்து தளத்தின் விரிசலையோ, மழைநீர் வடியும் குழாயையோ எட்டிப் பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. கட்டிலுக்கு நேர்மேலே ஒழுகத் தொடங்கியது. மாடிக்கு ஓடினால் கணுக்கால் அளவு தண்ணீர். குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. குனிந்து கையை உள்ளே விட்டுத் தள்ளினேன். சருகு போய்விட்டது. மணிக்கட்டில் கிடந்த செம்புக் காப்பு உள்ளே மாட்டிக்கொண்டதால் கை வெளியே வரவில்லை.

"அடைப்ப எடுத்தாச்சா?" என்று கீழேயிருந்து மனைவி கேட்டாள்.

"எடுத்தாச்சு. இப்ப நான்தான் அடைச்சுக்கிட்டு இருக்கேன்."

குடையோடு மேலே வந்தவள், "இடி இடிக்குது, நிமிந்து நிக்காதீக" என்றாள்.

"நான் எங்க நிமிர?"

வாய் பேசினாலும் எனக்கு உள்ளூரப் பயம்தான். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் துணி சோப்பைக் கொண்டுவந்து கையைச் சுற்றித் தேய்த்து, என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கை விடுபட்ட வேகத்தில் இருவரும் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டோம்.

இப்போது மாதம் ஒரு தடவை, வெயில் நாளிலேயே மாடியைக் கூட்டி, விரிசல் இருந்தால் பூசிவிடுகிறேன். குழாய் வாயில் கம்பி வலை வைத்தாயிற்று. நான் படியேறும்போதெல்லாம் மனைவி, "போன கையோட வந்துருங்க" என்கிறாள். சீக்கிரம் வரச் சொல்கிறாளா, கேலி செய்கிறாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை.