கச்சேரியில் கத்தியவர்கள்

நாங்கள் வந்து குடியேறிய ஹென்டர்சனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பாக்தாத்திலிருந்து வந்தவர். அங்கே இளமையிலேயே வானொலியில் பாடத் தொடங்கி, பிறகு தானே மெட்டமைத்துப் பெரும் பெயர் எடுத்தவர். இங்கு வந்தும் பாட்டை விடவில்லை. போன கோடையில் ஒரு ஞாயிறு பின்னேரம், அருகிலுள்ள மண்டபத்தில் அவருடைய கச்சேரிக்கு நானும் மனைவியும் போயிருந்தோம்.

மடியில் ஊத் என்ற தந்தி வாத்தியத்தை வைத்துக்கொண்டு பாடினார். முதல் வரியை ஓரிடத்தில் அவர் வளைத்து இறக்கியபோது என்னையறியாமல் “ஆகா!” என்று கத்திவிட்டேன். மூச்சுக் காட்டாமல் இருந்த சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவரோ முகம் மலர்ந்து அதே வரியை வேறு விதமாகப் பாடினார். விடுவேனா? மறுபடி “ஆகா!” மறுபடி அதே வரி, இன்னும் அழகாக.

“வாயை மூடுங்கோ. அந்த மனுசன் பாட்டை முடிக்க வேண்டாமே?” என்று மனைவி தொடையில் கிள்ளினாள். மூடிக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் நேரே எங்களிடம் வந்து ஆங்கிலத்தில் கேட்டார்: “ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எங்கள் ஊரில் கேட்பவர்கள் குரல் கொடுப்பார்கள், நாங்கள் அந்த வரியைத் திரும்பப் பாடுவோம். இங்கே கடைசிவரை சும்மா இருந்துவிட்டுக் கைதட்டுகிறார்கள். எந்த இடம் பிடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?”

நான் வெற்றியோடு மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

அடுத்த பாட்டில் நான் வாய் திறக்குமுன்னே பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. “ஐயோ, இன்னொருக்கா பாடுங்கோ!”

தமிழில்தான் சொன்னாள். அவர் இன்னொருக்கா பாடினார்.